இருமொழிக் கல்வி: வட்டுக்கோட்டை கற்பித்த பாடம்



பள்ளிகளில் எம்மொழி வாயிலாகக் கற்பிப்பது என்னும் வினா நம் நாட்டில் எழுந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. இவ்வினாவுக்கு விடை கூறுவோர் பெரும்பாலும் இரு கட்சியாராகப் பிரிந்து நிற்கக் காண்கிறோம். தாய்மொழி ஒன்றே போதும், ஆங்கிலம் ஒரு பாடமாக ஒரு புறத்தே இருந்தால் அமையும் என்பர் ஒரு சாரார். உலகம் ஆங்கிலத்தால் இயங்குகிறது, ஆதலால் முதல் வகுப்பு முதலே எல்லாம் ஆங்கிலத்தில் நிகழவேண்டும் என்பர் மற்றொரு சாரார். ஆயினும் ஒரு கருத்தில் இரு சாராரும் உடன்பட்டே நிற்கின்றனர். ஒரு மொழி செழிக்கவேண்டுமாயின் மற்றொன்று ஒதுங்கித்தான் ஆகவேண்டும் என்பதே அக்கருத்து. அது மெய்தானா என்று வரலாற்றைக் கேட்டுப் பார்ப்பதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

இதனை வெறும் ஆராய்ச்சி ஆர்வத்தால் நான் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமை ஆசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்நாள்களில் என்னிடம் பயின்ற இருவரை இன்றளவும் என்னால் மறக்க முடியவில்லை.

முதலாமவன் தமிழ் வழியில் பயின்ற மாணவன். பௌதிகத்தில் வகுப்பிலேயே முதல்வன். விசை, முடுக்கம், திருப்புத்திறன் என்று எதனைக் கேட்டாலும் வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குவான். பொறியியற் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. மூன்றாம் வாரம் அவன் திரும்பி வந்து என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தான். "நான் படித்ததெல்லாம் அங்கே வேறு பெயரில் இருக்கிறது, ஐயா. அறிந்ததா அறியாததா என்றே எனக்குத் தெரியவில்லை" என்றான். நான் எவ்வளவோ சொல்லியும் அவன் மீண்டும் அங்குச் செல்லவில்லை. மறு ஆண்டு வேறொரு கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தான். வரலாறு நல்ல பாடந்தான். ஆனால் அவன் அதனை விரும்பி ஏற்கவில்லை. அவனுக்குப் பௌதிகம் கற்பித்தவன் நான். அந்த ஆங்கிலப் பெயர்களை ஒரு நாளேனும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

இரண்டாமவள், எங்கள் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கிய பின் அதில் பயின்ற ஒரு சிறுமி. மாணவர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வந்தமையால் அப்பிரிவு வேண்டும் என்று விண்ணப்பம் எழுதியவன் நானே. ஒருநாள் ஏழாம் வகுப்பைப் பார்வையிடச் சென்றேன். ஒளிச்சேர்க்கை என்பதன் இலக்கணத்தை அச்சிறுமி ஆங்கிலத்தில் ஒரு பிழையுமின்றி ஒப்புவித்தாள். "நன்று அம்மா. அடர்ந்த பந்தலுக்கு அடியில் நட்ட செடி ஏன் வெளிறிப் போகிறது?" என்று தமிழில் வினவினேன். வெயில் படாததால் என்று உடனே கூறினாள். கீரைப் பாத்தி போடும் வீட்டுப் பெண் அவள். "நீ இப்போது ஒப்புவித்ததும் இதுவும் ஒன்றுதானே?" என்றேன். அவள் வியப்புடன் என்னை நோக்கி, "அது பாடம், ஐயா, இது தோட்டம்" என்றாள்.

அவனுக்கு அறிவு இருந்தது. அதை வெளியுலகுக்குக் கொண்டு செல்லும் சொல் இல்லை. அவளுக்குச் சொல் இருந்தது. அதனுள் பொருள் இல்லை. இருவரிடத்தும் பள்ளி செய்த பிழை ஒன்றே. இரு மொழிகளுக்கும் இடையே ஒரு சுவரை எழுப்பி, சுவரின் ஒரு புறத்தே பிள்ளையை நிறுத்திவிட்டது. இச்சுவர் இயற்கையானதன்று. சுவரில்லாப் பள்ளி ஒன்று தமிழர் நடுவிலேயே ஒரு காலத்தில் இருந்தது. அதன் கதையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் கல்வி எவ்வாறு இருந்தது என்பதை முதலில் நினைவுகூர்வோம். சென்னை மாகாணக் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டில் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகளே. மணலில் எழுதியும் ஓலையில் கீறியும் எண்ணும் எழுத்தும் கற்ற அப்பிள்ளைகள், தாம் கற்ற மொழியிலேயே நினைத்தனர், பேசினர், கணக்குப் பார்த்தனர். ஆயினும் அப்பள்ளிகளுக்குள் புதிய விஞ்ஞானமோ பூகோளமோ நுழையவில்லை. தாய்மொழி இருந்தது, உலகத்தை நோக்கிய வாயில் இல்லை.

மன்றோ கணக்கெடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் வேறொரு முயற்சி நிகழ்ந்தது. 1816ஆம் ஆண்டில் அங்கு வந்து தங்கிய அமெரிக்க மிஷன் பாதிரிமார், 1823இல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்தரப் பள்ளியை நிறுவினர். பின்னர் அது வட்டுக்கோட்டைச் செமினரி எனப் பெயர் பெற்றது. டானியல் பூவர் என்பவர் அதன் முதல் தலைவர். மதம் பரப்புவதே அவர்களுடைய நோக்கம். அதனை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் அவர்கள் வகுத்த கல்வித் திட்டம் அந்நோக்கத்தையும் கடந்து நின்றது.

அத்திட்டத்தின் சாரம் இதுவே. மாணவன் ஆங்கிலத்தைத் திருந்தக் கற்கவேண்டும். ஏனெனில் புதிய அறிவெல்லாம் அம்மொழியில் இருக்கிறது. தமிழையும் இலக்கண இலக்கியத்தோடு திருந்தக் கற்கவேண்டும். ஏனெனில் கற்ற அறிவை மக்களிடம் சேர்ப்பதற்கு அதுவே வழி. தமிழில் செய்யுள் மலிந்திருக்கிறது, நல்ல உரைநடை அரிதாக இருக்கிறது. ஆகவே மாணவர் தமிழ் உரைநடையிலும் எழுதிப் பழகவேண்டும். தகுதி வாய்ந்த சிலர் வடமொழியும் பயிலலாம். கணிதம், வானநூல், இயற்கை விஞ்ஞானம் ஆகியவை பாடங்களாக அமையவேண்டும். ஆங்கிலம் ஊற்றாகவும் தமிழ் வாய்க்காலாகவும் இருக்க அவர்கள் எண்ணினர் என்று சொல்லலாம். இரண்டில் ஒன்று போதும் என்று அவர்கள் கருதவில்லை.

அதன் பயன் என்ன? 1840களின் இறுதியில் அப்பள்ளியை நேரிற் கண்ட இலங்கை அரசின் உயர் அதிகாரி சர் எமர்சன் டென்னன்ட், அதன் மாணவர் அறிவு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத் தக்கது என்னும் கருத்துப்பட எழுதினார். பாராட்டுரை ஒருபுறம் இருக்க, செயலால் விளைந்தவற்றைப் பார்ப்போம்.

1841ஆம் ஆண்டில் 'உதயதாரகை' என்னும் பத்திரிகை யாழ்ப்பாணத்தில் தோன்றியது. ஒரே பத்திரிகையில் தமிழும் ஆங்கிலமும் இருந்தன. அதன் ஆசிரியராக அமர்ந்த இருவரும் வட்டுக்கோட்டையில் பயின்ற தமிழரே. இயற்கணிதத்தைத் தமிழ் நூலாக 1855ஆம் ஆண்டிலேயே எழுதியவர் கறல் விசுவநாதபிள்ளை; அவரும் அப்பள்ளியின் மாணவர். 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அது முதன்முதலாக நடத்திய பி.ஏ. தேர்வில் வென்ற முதல் பட்டதாரிகள் இருவர். ஒருவர் அந்த விசுவநாதபிள்ளை, மற்றொருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையில் கற்றவர்.

தாமோதரம்பிள்ளையின் பெயரைத் தமிழறிந்தோர் எவரும் மறவார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் 1868இலும், பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் 1885இலும், கலித்தொகையை 1887இலும் அச்சேற்றி, செல்லரித்த ஏட்டிலிருந்து நம் முன்னோர் செல்வத்தை மீட்டவர் அவர். ஆங்கிலத் தேர்வில் முதல்வராக வந்தவரே தமிழ் ஏடுகளுக்கும் காவலராக விளங்கினார். ஆங்கிலம் கற்றால் தமிழ் போய்விடும் என்பாரும், தமிழில் வேரூன்றினால் ஆங்கிலம் வாராது என்பாரும் இவ்வொருவர் வாழ்க்கையை எண்ணிப் பார்ப்பார்களாக.

மறுபக்கத்தில் நின்றவர்களுக்கும் இது பொருந்தும். மிஷனரிமாரை எதிர்த்துச் சைவத்தைக் காக்க எழுந்த ஆறுமுக நாவலர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் பயின்று, பைபிள் மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணை நின்றவர். 1848இல் வண்ணார்பண்ணையில் தமிழில் தம் சைவப் பள்ளியைத் தொடங்கியபோது, வகுப்பு முறையையும் படிப்படியாக அமைந்த பாட நூலையும் அவர் கைக்கொண்டார். அவருடைய பாலபாடங்களைப் படித்தவர்கள், தெளிந்த தமிழ் உரைநடைக்கு அவர் எத்துணை உழைத்தார் என்பதை அறிவர். இருமொழிப் பயிற்சி ஒருவனை அடிமையாக்கும் என்பதற்கு நாவலர் சான்றல்லர். நேர் மாறானதற்கே சான்று.

இத்துணைச் சிறப்புடைய செமினரி 1855இல் மூடப்பட்டது. ஏன்? இதுவே நாம் கருத்தூன்றிக் கேட்கவேண்டிய பகுதி.

ஆங்கிலம் கற்ற இளைஞருக்கு அரசாங்க உத்தியோகம் எளிதிற் கிடைத்தது. மாணவரும் பெற்றோரும் ஆங்கிலத்தையே நாடத் தொடங்கினர். ஊற்றும் வாய்க்காலுமாக இருக்கவேண்டிய இரண்டில் ஊற்றுக்கு மட்டும் விலை ஏறியது. கற்றவர் தம் ஊரில் தங்காமல் கச்சேரி உத்தியோகம் தேடிச் சென்றனர். 1855இல் அமெரிக்காவிலிருந்து மிஷனின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலக் கல்வி உத்தியோகம் தேடுவோரை உண்டாக்குகிறதேயன்றி மிஷனுக்குப் பயன்படவில்லை என்பது அவர் முடிவு. மிஷன் கல்வி தாய்மொழியிலேயே நடக்கட்டும் என்னும் கருத்து வென்றது. செமினரியின் கதவு அடைபட்டது. அடைபட்டுச் சில ஆண்டுகளிலேயே அதன் மாணவர் இருவர் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாயினர் என்பதை எண்ணும்போது, அறுவடைக்கு முன் வயலை விற்றவன் கதை நினைவுக்கு வருகிறது. 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்ததே, மக்கள் அப்பள்ளியை மறக்கவில்லை என்பதற்குச் சான்று.

நேயர்களே, செமினரி வீழ்ந்ததற்குக் காரணம் இரு மொழிகளைக் கற்பித்ததன்று. இரண்டில் ஒன்றுக்கே சமுதாயம் விலை கொடுத்தது. மறுபுறம், அதனைக் கண்டு வெகுண்டோர் மற்றொன்றை மட்டும் வைத்துக்கொள்ள விழைந்தனர். இவ்விரு தவறுகளுக்கும் இடையே ஒரு நல்ல பள்ளி நசுங்கியது. நம் காலத்துப் பள்ளிகளிலும் நான் கண்டது இதுவே.

இதே மண்ணில் இன்னொரு பாடமும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, இளைஞருக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். பயின்றவர்கள் அரசுப் பணியை நாடி வெளியூர் சென்றனர். கிராமத்து நோயாளி முன்போலவே இருந்தான். 1860களில் அவர் தமிழிலேயே கற்பிக்க முற்பட்டார். அதற்கு முன்பே தமிழைத் தாம் கற்றுத் தேர்ந்தார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியியல் எனப் பல துறை நூல்களைத் தம் மாணவர் துணையுடன் தமிழாக்கினார். 'அங்காதிபாதம்', 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' என்பன அவற்றுட் சில. அவரிடம் கற்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கும் மேற்பட்டோர். தமிழில் கற்றவர்கள் தமிழ்க் கிராமங்களிலேயே தங்கினர்.

கிறீன் கலைச்சொல் ஆக்கிய முறை கருதத்தக்கது. முதலில் தமிழில் சொல் உண்டா என்று தேடினார். இல்லையேல் வடமொழியில் தேடினார். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் உருவில் எழுதினார். 'கெமிஸ்தம்' என்னும் பெயரே அதற்குச் சான்று. ஆங்கிலத்தின் மேல் அவருக்குப் பகையில்லை. அது அவர் தாய்மொழி. பொருள் விளங்கவேண்டும் என்பதொன்றே அவர் கொள்கை. 1873இல் அவர் தாயகம் திரும்பிய பின்னர் அம்முறை நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஒரு மனிதரின் உழைப்பை மட்டும் நம்பிய ஏற்பாடு, தேர்வும் பட்டமும் அரசும் துணை நில்லாதபோது நிலைக்காது என்பதும் ஒரு பாடமே.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். 1835இல் மெக்காலே எழுதிய குறிப்பை அனைவரும் பழிப்பர். ஆங்கிலம் கற்ற ஒரு வகுப்பார் நாட்டு மொழிகளை வளப்படுத்தி அறிவைப் பொதுமக்களிடம் கொண்டு செல்வர் என்று அவரும் அக்குறிப்பில் எதிர்பார்த்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1854இல் வந்த சார்லஸ் வுட் கல்வி அறிக்கை இதனினும் தெளிவானது. உயர்கல்விக்கு ஆங்கிலம், பெருந்திரளான மக்களுக்கு நாட்டு மொழி, ஆங்கிலம் எங்குக் கற்பிக்கப்பட்டாலும் அங்கு நாட்டு மொழிப் பயிற்சியும் கவனத்துடன் நடைபெறவேண்டும் என்று அது விதித்தது. காகிதத்தில் இஃது இருமொழிக் கல்வியே. ஆனால் 1857 முதல் பல்கலைக்கழகத் தேர்வுகள் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. தேர்வு எம்மொழியோ வகுப்பும் அம்மொழி என்பது பள்ளியில் உழைத்தோர் அனைவரும் அறிந்த உண்மை. ஆகவே காகிதத்தில் இருந்த இரண்டு, வகுப்பறையில் ஒன்றாகச் சுருங்கியது.

இதனை உணர்ந்தோர் எழுப்பிய குரல்கள் பல. 1892இல் இரவீந்திரநாத தாகூர் வங்கமொழியில் எழுதிய கட்டுரையில், நம் கல்வி நம் வாழ்வோடு இணையாமல் நிற்பதை எடுத்துக் காட்டினார். 1916இல் காசி இந்துப் பல்கலைக்கழக விழாவில் பேசிய காந்தியடிகள், அந்நிய மொழி வாயிலாக அறிவு பெறுவதால் ஒவ்வோர் இளைஞனும் ஆறு ஆண்டுகளை இழக்கிறான் என்று வருந்தினார். அதே ஆண்டில் சேலத்தில் இராஜாஜி முதலிய அன்பர்கள் தமிழில் விஞ்ஞானச் சொற்களை ஆக்குவதற்கு ஒரு சங்கம் கண்டனர். 1919இல் அறிக்கை தந்த சாட்லர் குழுவினர், ஆங்கிலமும் கணிதமும் நீங்கலாக உயர்நிலைப் பள்ளியில் தாய்மொழி வழியே கற்பிக்கலாம் என்றனர். 1930களின் பிற்பகுதி முதல் நம் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் வழிக் கல்வி பரவியது. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. 1960இல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் பட்டப் படிப்பும் தமிழில் தொடங்கியது. இவை நம் பெருமைகள்.

ஆனால் இவற்றின் ஊடே ஒன்றை மறந்தோம். தமிழில் அறிவை நிரப்பிய நாம், அவ்வறிவை ஆங்கில உலகில் அடையாளம் காணும் வழியைப் பிள்ளைக்குக் காட்டவில்லை. ஆங்கிலத்தைத் தனிப் பாடமாக, உரைநடையும் செய்யுளும் இலக்கணமுமாகக் கற்பித்தோம். அறிவியலோடு அதனை இணைக்கவில்லை. இக்குறையைக் கண்ட பெற்றோர் ஆங்கில வழிப் பள்ளிகளை நாடினர். பின்னர் 2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருமளவில் பரவின. பெற்றோரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. கூலி வேலை செய்யும் ஒரு தாய், தன் மகனுக்கு ஆங்கிலம் வேண்டும் என்று கேட்பது பேராசையன்று, அது நியாயம். அவள் கேட்டது ஆங்கிலம். நாங்கள் கொடுத்தது பொருளறியா மனப்பாடம். குற்றம் எங்களுடையது.

இரு மொழிகள் ஒரு பிள்ளையின் மூளைக்குச் சுமையாகாவா என்று சிலர் ஐயுறுவர். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் உளவியற் பாடத்தில் இவ்வினாவைச் சந்தித்திருப்பர். 1923இல் வேல்ஸ் நாட்டில் சேர் என்னும் ஆய்வாளர் 1,400 பிள்ளைகளைச் சோதித்து, கிராமத்து இருமொழிப் பிள்ளைகள் பின்தங்குவதாக எழுதினார். நகரத்துப் பிள்ளைகளிடம் அவ்வேறுபாடு இல்லை என்பதையும் அவரே குறித்தார். ஆயினும் உலகம் முன்னதை மட்டுமே நினைவிற் கொண்டது. 1962இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பீல், லாம்பர்ட் என்னும் இருவர், குடும்ப நிலையில் ஒத்த பத்து வயதுப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துச் சோதித்தனர். இரு மொழியும் நன்கறிந்த பிள்ளைகளே அறிவுச் சோதனைகளில் மேம்பட்டு நின்றனர். சுமை என்று கருதப்பட்டது வறுமையின் சுமையேயன்றி மொழியின் சுமையன்று எனலாம்.

அந்த வேல்ஸ் நாட்டிலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. அடுத்துப் பேசியவன் கழுத்துக்கு அது மாறும். மாலையில் எவன் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. நம் நாட்டிலும் தமிழ் பேசினால் அபராதம் கேட்கும் பள்ளிகள் உண்டல்லவா? ஆனால் வேல்ஸ் மக்கள் விழித்துக்கொண்டனர். 1939இல் ஆபரிஸ்ட்வித் நகரில் ஏழே பிள்ளைகளுடன் வேல்ஸ் மொழிப் பள்ளி ஒன்று தொடங்கிற்று. இன்று அந்நாட்டில் அத்தகைய பள்ளிகள் பல. அவற்றிற் பயில்வோர் ஆங்கிலத்தை இழக்கவில்லை. இரண்டையும் கொண்டே வெளிவருகின்றனர்.

ஆப்பிரிக்காவிலும் ஒரு சான்று உண்டு. 1970இல் நைஜீரியாவின் இபே நகரில் பேராசிரியர் பபுன்வா முதலியோர் ஒரு சோதனையைத் தொடங்கினர். ஆறு ஆண்டுகளும் பாடங்கள் யொரூபா மொழியில். ஆங்கிலம் மட்டும் அதில் தேர்ந்த ஆசிரியரால் தனிப் பாடமாக. அப்பிள்ளைகள் மற்றப் பாடங்களில் மேம்பட்டனர், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. தாய்மொழி நிலைத்தால் அயல்மொழி தழைக்கும் என்பதை இதனினும் தெளிவாக எவர் காட்டமுடியும்?

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 1918இல் நிறுவப்பெற்ற ஐதராபாத் உஸ்மானியாப் பல்கலைக்கழகம், உருது மொழியில் மருத்துவம் உட்படக் கற்பித்து, ஆங்கிலத்தைக் கட்டாயப் பாடமாகவும் வைத்தது. மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு துறை அமைத்தது. போற்றத் தக்க முயற்சிதான். ஆனால் அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர் பேசியவை தெலுங்கும் மராத்தியும் கன்னடமும். அரசவை மொழி வேறு, பிள்ளையின் தாய்மொழி வேறு. நம் பள்ளிகளிலும் தெலுங்கோ உருதுவோ சௌராஷ்டிரமோ மலைவாழ் மக்களின் மொழியோ பேசும் பிள்ளைகள் உள்ளனர். நாம் தமிழுக்குக் கேட்கும் நீதியை அவர்களுக்கு மறுத்தல் கூடாது. முதல் வகுப்பில் ஆசிரியர் அவர்களுடைய மொழியில் நாலு சொல்லேனும் அறிந்திருத்தல் நன்று.

இவற்றால் நான் தெளிந்த கருத்துகள் மூன்று.

முதலாவது, எழுத்தும் எண்ணும் பிள்ளையின் வீட்டு மொழியில் தொடங்கவேண்டும். அதே காலத்தில் ஆங்கிலம் பேச்சாகவும் பாட்டாகவும் கதையாகவும், அதனை உண்மையில் அறிந்த ஓர் ஆசிரியரால் காதுக்குப் பழக்கப்படவேண்டும். 1953இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையும் தாய்மொழியே சிறந்த பயிற்றுமொழி என்று கூறி, இரண்டாம் மொழியை முதலில் வாய்மொழியாகத் தொடங்குவதை ஏற்கிறது.

இரண்டாவது, ஆறாம் வகுப்பு முதல் கணிதமும் அறிவியலும் ஒரே நூலில் இரு மொழியிலும் அமையவேண்டும். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். நம் பொதுத்தேர்வில் கணித, அறிவியல் வினாத்தாள்கள் இரு மொழியிலும் அச்சிடப்படுகின்றன. தேர்வு நாளன்று மட்டும் இணையும் மொழிகள், ஆண்டு முழுவதும் ஏன் பிரிந்திருக்கவேண்டும்? பொருளைத் தமிழில் விளக்கி, பெயரை இரு மொழியிலும் கற்பித்தால், அந்தப் பையன் திரும்பி வந்திருக்கமாட்டான். அந்தச் சிறுமி பாடத்தையும் தோட்டத்தையும் வேறாகக் கருதியிருக்கமாட்டாள்.

மூன்றாவது, ஆசிரியர். தமிழில் மட்டுமே படித்த ஒருவரைத் திடீரென்று ஆங்கிலத்தில் கற்பிக்கச் சொல்வது அவருக்கும் கொடுமை, பிள்ளைக்கும் கொடுமை. வட்டுக்கோட்டையாரும் கிறீனும் முதலில் தாம் இரண்டாம் மொழியைக் கற்றனர், பின்னரே கற்பித்தனர். ஆசிரியப் பயிற்சியில் இருமொழி கற்பிக்கும் முறைக்குத் தனி இடம் வேண்டும்.

இவையெல்லாம் அரசும் பள்ளியும் செய்யவேண்டியவை. இதைக் கேட்கும் பெற்றோர் இன்று மாலையே செய்யத் தக்கது ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை எவ்வழியில் படித்தாலும் சரி, இன்று பள்ளியில் கற்றதை உங்கள் வீட்டு மொழியில் சொல்லச் சொல்லுங்கள். தன் பாட்டிக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்தால் அவன் கற்றிருக்கிறான். தெரியவில்லையெனில் பிள்ளையைக் கடியாதீர்கள். மறுநாள் பள்ளிக்கு வந்து எங்களைக் கேளுங்கள். அக்கேள்வியை என்னிடம் அன்று யாரேனும் கேட்டிருந்தால், நான் இன்று இருவரை நினைத்து வருந்தவேண்டியதில்லை.